ஒலியியல் படித்தால் வேலை கிடைக்குமா? ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் மொழியியலில் முதுகலை சேர்ந்து, பேச்சொலிகளை ஆராயும் ஒலியியலில் ஆழ்ந்து படிக்க விரும்புகிறார். "ஒலியைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை உண்டு. ஆனால் ஒலியியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுவது கடினம். அதனோடு வேறு எதைச் சேர்த்துப் படிக்கிறார் என்பதே வழியைத் தீர்மானிக்கும். அதைத் தேர்ந்தெடுக்க, இந்தப் படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களும் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது.

நாக்கு, உதடு, குரல்வளை ஆகியவை ஒலியை எப்படிப் பிறப்பிக்கின்றன என்று ஆராய்வது இதன் முதல் பகுதி. தொல்காப்பியத்தின் பிறப்பியல் பேசுவதும் இதைத்தான். அந்த ஒலி காற்றில் அலையாகப் பரவுவதை அளப்பது இரண்டாவது. காதும் மூளையும் அதை வாங்கிக்கொள்ளும் விதம் மூன்றாவது.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஒலியன், அதாவது ஒரு மொழியில் பொருளைப் பிரித்துக் காட்டும் ஒலி அலகு, என்ற கருத்தில். கடல், தங்கம், பகல் என்ற மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் இருக்கிறது. ஆனால் மூன்று இடத்திலும் ஒலி வேறு. சொல்லின் முதலில் வல்லோசை, மெல்லெழுத்தை அடுத்துக் குரலதிர்வு, உயிர்களுக்கு நடுவே தளர்ந்த ஓசை. இடத்தைப் பொறுத்தே ஒலி மாறுவதாலும் அதனால் பொருள் மாறாததாலும் தமிழ் பேசுபவர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. எனவே இவை ஒரே ஒலியனின் மாற்றொலிகள், அதாவது இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவங்கள். இந்தியிலோ காலத்தைக் குறிக்கும் சொல்லும் கன்னத்தைக் குறிக்கும் சொல்லும் முதல் ஒலியில் மட்டுமே வேறுபடுகின்றன: ஒன்றில் வல்லோசை, மற்றதில் குரலதிர்வு. தமிழ் எழுத்தில் இரண்டையும் 'கால்' என்றுதான் எழுத முடியும். இந்தியில் அந்த இரு ஒலிகளும் தனித்தனி ஒலியன்கள். தமிழில் அப்படிப் பொருளைப் பிரிப்பவை மனம், மணம் என்பவற்றில் வரும் னகரமும் ணகரமும். ஒலிகளை அளப்பது ஒலியியல். ஒரு மொழி அவற்றை எப்படி வகுத்துப் பயன்படுத்துகிறது என்று காண்பது ஒலியனியல். இந்த வேறுபாடு பிடிபட்டால் பாடத்தின் பாதி பிடிபட்டுவிடும்.

பாடத்தில் வரும் கோட்பாடுகளின் வரிசையைக் கண்டு உங்கள் மகள் மிரள வேண்டாம். யாக்கப்சன், ஃபாண்ட், ஹாலே 1952இல் முன்வைத்த வேறுபடுத்தும் கூறுகள், சாம்ஸ்கியும் ஹாலேயும் 1968இல் வகுத்த விதிமுறை அணுகுமுறை, பிரின்ஸும் ஸ்மோலென்ஸ்கியும் 1993இல் தொடங்கிய உகப்புக் கோட்பாடு எல்லாம், ஒரு மொழி ஒலிகளை எப்படி வகுத்துப் பயன்படுத்துகிறது என்ற கேள்விக்கான வெவ்வேறு விடைகளே. கேள்வி தெளிவாக இருந்தால் விடைகள் மனத்தில் நிற்கும்.

வேலைவாய்ப்பு நோக்கில் நான் அதிகம் வலியுறுத்துவது 1960இல் குன்னர் ஃபாண்ட் விரிவாக நிறுவிய மூல-வடிகட்டிக் கோட்பாடு. குரல்வளை எழுப்பும் அதிர்வுதான் 'மூலம்'. தொண்டையும் வாயும் அதை வடிகட்டுகின்றன. ஒரே சுருதியில் 'ஆ' சொல்லி 'ஈ'க்கு மாறும்போது குரல்வளையின் வேலை ஏறக்குறைய மாறுவதில்லை. வாயின் வடிவம் மாறுவதால் ஒத்ததிர்வுகள், அதாவது அந்த வடிவம் வலுப்படுத்தும் அதிர்வெண்கள், மாறுகின்றன. கைபேசிகள் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் பலவும் இந்த எண்ணத்தின் மீதே எழுந்தவை. பேச்சை எழுத்தாக்கும், எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் துறைக்குச் செல்ல விரும்பினால் இதோடு நிரலாக்கமும் புள்ளியியலும் கட்டாயம். இன்று எனக்குத் தெரிந்து மிக அகலமான வழி இதுதான்.

மொழி கற்பித்தல், அகராதிப் பணி, எழுத்தில்லா மொழிகளை ஆவணப்படுத்துதல், நீதிமன்ற வழக்குகளில் குரல் ஒப்பீடு ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதில் இடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பிச் சேர வேண்டாம்.

ஒன்றை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். திக்குவாய், பேச்சுத் தாமதம் போன்றவற்றுக்குச் சிகிச்சை அளிப்பதுதான் அவருடைய கனவென்றால், மொழியியல் பட்டம் அதற்குப் போதாது. பேச்சு-மொழிச் சிகிச்சை தனிப் படிப்பு. மருத்துவமனைப் பயிற்சியும் பெரும்பாலான நாடுகளில் உரிமமும் வேண்டும். இதைச் சேர்ந்த பின்பு அறிந்து வருந்தும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அவருக்கு உண்மையான ஈடுபாடு இருக்கிறதா என்று பார்க்கவும் வழியுண்டு. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பூர்ஸ்மாவும் வேனிங்கும் உருவாக்கிய 'பிராட்' என்ற பேச்சொலி ஆய்வு மென்பொருள் இலவசம். தம் குரலில் ஆ, ஈ, ஊ மூன்றையும் பதிவு செய்து, திரையில் தெரியும் கரும்பட்டைகள் ஏன் இடம் மாறுகின்றன என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை கிடைக்கும்வரை எழுந்திருக்க மனம் வராவிட்டால், தயங்காமல் அனுப்புங்கள். சலித்து மூடிவிட்டால், மொழியியலிலேயே வாக்கிய அமைப்பை ஆராயும் தொடரியலும் சமூக மொழியியலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றித் தனியே பேசுவோம்.

சேருமுன் அந்தப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒலியியல் ஆய்வுக்கூடம் மாணவர்களுக்குத் திறந்திருக்கிறதா? நிரலாக்கத்தை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா? ஆய்வேட்டுக்கு மாணவர்கள் தாங்களே பேச்சுப் பதிவுகள் சேகரிக்கிறார்களா? இவற்றில் இரண்டுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் வேறு பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையைத் தேடுங்கள்.