ஊர்ப் பள்ளியா, வேன் வரும் பள்ளியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தெருவில் பாதிப் பிள்ளைகள் காலை ஏழரை மணிக்கே வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் நன்றாகப் படிப்பதாகவும் சொல்கிறார்கள். கணவர் கொத்தனார் வேலை பார்க்கிறார். மகளிர் குழுவில் கடன் எடுத்தாவது அவளையும் அங்கே சேர்த்துவிடலாமா? இலவச ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி வட்டாரம்

பதில்: ஒதுக்கீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் அந்தச் சேர்க்கை நுழைவு வகுப்பில் மட்டுமே, அதாவது எல்.கே.ஜி.யிலோ முதல் வகுப்பிலோதான் நடக்கும். உங்கள் மகள் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டதால் அந்த வழி இல்லை.

இனி கடன் வாங்கிச் சேர்ப்பது பற்றி. வேனில் போகும் பிள்ளைகள் நன்றாகப் படிப்பது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் படிப்பு பள்ளியால் வந்ததா, வீட்டால் வந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கட்டணம் கட்ட முடிந்த வீட்டில் பெரும்பாலும் படித்த தாய் இருப்பார், மாலையில் டியூஷன் இருக்கும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. இவ்வளவையும் சேர்த்து வளர்ந்த பிள்ளையின் மதிப்பெண்ணை நாம் பள்ளியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அமெரிக்காவில் சுமார் ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, பள்ளிகளின் வசதியில் உள்ள வேறுபாட்டைக் காட்டிலும் குடும்பப் பின்னணியில் உள்ள வேறுபாடே மாணவர்களின் தேர்ச்சியோடு அதிகம் ஒட்டியிருக்கிறது என்று சொன்னது.

நமக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 180 கிராமங்களில் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அரசுப் பள்ளியில் படித்துவந்த பிள்ளைகளில் விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் நடத்தி, சீட்டு விழுந்தவர்களுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டி அனுப்பினார்கள். குலுக்கல் என்பதால் இரு பக்கமும் ஒரே மாதிரியான வீட்டுப் பிள்ளைகளே இருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துத் தேர்வு வைத்தபோது தெலுங்கிலும் கணிதத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிக்குப் போனவர்கள் தெளிவாக முந்தியது இந்தியில் மட்டுமே. அதே ஆய்வில் தனியார் பள்ளிகளுக்குச் சாதகமான செய்தியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: அரசுப் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே செலவிட்டு, தெலுங்குக்கும் கணிதத்துக்கும் குறைந்த நேரமே ஒதுக்கி, அவை அந்த நிலையை எட்டியிருந்தன. ஆனால் பெற்றோராகிய உங்களுக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது, உங்களைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து போகும் பிள்ளைக்கு வேன் ஏறிய ஒரே காரணத்தால் கணக்கு கூடுதலாக வந்துவிடாது என்பதுதான்.

இழப்பையும் எண்ணிப் பாருங்கள். மருத்துவப் படிப்பிலும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளிலும் தமிழக அரசு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினால் இவை இரண்டும் கைவிட்டுப் போகாது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை அப்படியன்று. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் ஓர் ஆண்டு ஆங்கிலவழிக்குப் போய் வந்தாலும் அந்தக் கதவு அடைபடும்.

எனவே கடன் வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்காக உங்கள் ஊர்ப் பள்ளியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. மாணவர் எண்ணிக்கை அறுபது வரை இருந்தால் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அந்த இருவரில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போன நாளில், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, வருகையைக் கைபேசியில் பதிவேற்றிவிட்டு, மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு கொடுத்து, அவர்கள் போட்டு முடிப்பதற்குள் முதல் வகுப்புக்கு எழுத்து சொல்லித்தர வேண்டும். அந்த நிலையிலும் பிள்ளைகளை வாசிக்க வைத்துவிடுகிற ஆசிரியர்கள் உண்டு, முடியாமல் போகிறவர்களும் உண்டு. உங்கள் பள்ளி எந்த வகை என்பதை நீங்களே பார்த்துவிடலாம். அவளுடைய தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தைத் திறந்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாக ஒப்பிக்கிறாளா, எழுத்துக்கூட்டுகிறாளா, சரளமாகப் படிக்கிறாளா என்று கவனியுங்கள். பிறகு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லி, கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் ஆசிரியரிடம், தொடக்க வகுப்புகளில் வாசிப்பையும் கணக்கையும் நிலைவாரியாகக் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அவள் அரும்பா, மொட்டா, மலரா, அடுத்த நிலைக்கு எப்போது போவாள் என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் இதே கேள்வியைப் பேசுங்கள். கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் ஒவ்வொருவராக வேன் பிள்ளைகளின் பெற்றோராகிவிட்டால், மீதமுள்ள பிள்ளைகளுக்காகப் பேச அந்தக் கூட்டத்தில் ஆள் இருக்காது. இந்திய அரசு அமைத்த கோத்தாரிக் கல்விக் குழு 1966இலேயே அருகமைப் பள்ளிகளைக் கொண்ட பொதுப்பள்ளி முறையை வலியுறுத்தியது இந்த ஆபத்தை அறிந்துதான்.

கேள்வி: மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தமிழ்வழி. 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்கு உண்டா? இல்லையென்றால் மாநகராட்சிப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகர், செல்லூர், மதுரை

பதில்: இல்லை. மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், உங்கள் மாவட்டத்தின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஆகியவற்றுக்கு அந்த ஒதுக்கீடு உண்டு. உதவி பெறும் பள்ளிகளுக்கு இல்லை. ஆறு, ஏழாம் வகுப்புகளை அவன் முடித்துவிட்டதால் இப்போது மாற்றியும் பயனில்லை. கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில் ஆறிலிருந்து தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கும்.

இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மதுரையின் உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் தமிழ்வழி வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் தறி ஓட்டுபவர், சுமை தூக்குபவர், வீட்டு வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதை வைத்து அவர்களைப் பிரிப்பதில் நியாயம் இல்லை.

கேள்வி: காலை உணவுக்குச் செலவிடும் பணத்தில் ஆசிரியர்களை நியமித்திருக்கலாமே? கொரோனாவில் விட்ட படிப்பையே இன்னும் மீட்கவில்லை.
– பணி நிறைவு பெற்ற தலைமையாசிரியர், மேலூர்

பதில்: ஐயா, ஆசிரியர் நியமனம் வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அதற்கான பணத்தைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கக் கூடாது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். விடியற்காலையில் கூலி வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்கார்ந்திருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மதிய உணவைப் பற்றி இந்திய அளவில் நடந்த ஆய்வு ஒன்று, ஐந்து ஆண்டு வரை பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண், ஓராண்டுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 18 சதவீதமும் கணித மதிப்பெண் 9 சதவீதமும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. சோறும் பாடச் செலவுதான்.

கொரோனா இழப்பைப் பற்றித் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு இருக்கிறது. 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, 2021 டிசம்பரில் கணிதத்தில் ஏற்பட்டிருந்த இழப்பு மொழிப்பாட இழப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கிட்டத்தட்டக் கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. எளிய வீட்டுப் பிள்ளைகளே அதிகம் இழந்தார்கள், அவர்களே வேகமாக மீளவும் செய்தார்கள். மாலையில் தெருவிலேயே ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, அவர்கள் இருக்கும் நிலையிலிருந்து சொல்லிக்கொடுத்ததற்கு அதில் பங்கு உண்டு என்று நம்புகிறேன். உங்கள் அனுபவம் மேலூரில் வீணாக இருக்க வேண்டாம். தலைமையாசிரியரிடம் பேசி, நான்காம் ஐந்தாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஐந்தாறு பிள்ளைகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். மாதிரித் தேர்வுக்குத் தயார்செய்வது போன்ற வேலைகளை விட்டுவிட்டு, முதல் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்குங்கள்.