‘கன்ஸ்மோக்’ என்ற அமெரிக்க கௌபாய் தொலைக்காட்சித் தொடர் 20 வருடம் ஓடியது எப்படி?

நடுவில் ஒரு தடவை செத்துப் பிழைத்ததால்தான் என்பேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

1952இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் நாடகமாகத்தான் இது தொடங்கியது. 1870களின் கான்சாஸ், டாட்ஜ் சிட்டி என்ற ஊர், அங்கே சட்டம் ஒழுங்கைக் காக்கும் அதிகாரி, மார்ஷல் மேட் டில்லன். டில்லனாகப் பேசியவர் வில்லியம் கான்ராட். என்ன குரல் அது! (பழைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.) ஆனால் ஆள் கனத்த உடம்புக்காரர். 1955 செப்டம்பரில் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது அவரை விட்டுவிட்டு, ஆறடி ஏழு அங்குல ஜேம்ஸ் ஆர்னஸைப் போட்டார்கள். முதல் எபிசோடுக்கு முன்னால் கௌபாய் பட நட்சத்திரம் ஜான் வெய்ன் திரையில் வந்து தொடரை அறிமுகம் செய்தார்.

டில்லனின் உதவியாள் செஸ்டர் ஒரு காலை விறைத்துக்கொண்டு நொண்டுவார். அந்த வேடத்தில் நடித்த டென்னிஸ் வீவருக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. கல்லூரி நாட்களில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் சேர்ந்த டெகாத்லான் வீரர். ஆர்னஸ் கதையோ நேர்மாறு. இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் ஆன்சியோவில் காலில் குண்டு பட்டவர். வலி பிறகும் விடவில்லை. ஓட்டக்காரர் நொண்ட, கால் நோவுக்காரர் நிமிர்ந்து நடந்தார். இது தெரிந்த பிறகு பழைய எபிசோடுகளில் நான் கதையைவிட இவர்கள் கால்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சரி, பிழைத்த கதைக்கு வருகிறேன். 1957 முதல் 1961 வரை நான்கு சீசன்கள் முதலிடம். அப்புறம் அரைமணி ஒரு மணியானது, 1966இல் கலர் வந்தது, ஆனால் ரேட்டிங் சரிந்துகொண்டே போனது. 1967இல் நிறுத்துவதென்றே முடிவாகிவிட்டது. சிபிஎஸ் தலைவர் வில்லியம் பேலி அதை ஏற்கவில்லை. தொடரைத் திங்கள் இரவுக்கு மாற்றினார்கள். அந்த இடத்துக்காக ‘கில்லிகன்ஸ் ஐலண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடர் பலியானது, பாவம். திங்கள்கிழமை ராசியோ என்னவோ, மறுபடியும் முதல் பத்துக்குள் வந்து இன்னும் எட்டு வருடம் ஓடியது.

மொத்தம் 635 எபிசோடுகள். 2018இல்தான் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடர் அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. 1975இல் நிறுத்தியபோது யாரும் தடுக்கவில்லை. விடைபெறும் காட்சி எதுவும் எடுக்கவில்லை. மார்ச் 31 அன்று வந்த கடைசி எபிசோடு, துணை மார்ஷல் ஃபெஸ்டஸை வைத்த வழக்கமான ஒரு வாரக் கதை, அவ்வளவுதான்.