வேற்றுலக நாவல்களின் நாயகி ஏன் பெரும்பாலும் நம் உலகத்துப் பெண்?

பதின்ம வயதுப் பெண் வேறோர் உலகத்தில் சாகசம் செய்யும் நாவல்களில், அவள் ஏன் அங்கேயே பிறந்தவளாக இருப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம், எழுத்தாளரின் வசதி. அந்த உலகத்தின் சட்டம், மந்திரம், அரசியல் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கக் கேட்க நாமும் தெரிந்துகொள்கிறோம்.

சரி, அதைவிட முக்கியமானது வயது. வீட்டில் இன்னும் குழந்தை; ஆனால் பெரியவள்போல நடந்துகொள்ளச் சொல்கிறார்கள். வேற்றுலகம் அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, முடிவெடுக்கும் பொறுப்பை மொத்தமாக அவளிடம் கொடுத்துவிடுகிறது. ஃபுயுமி ஓனோவின் 'பன்னிரண்டு ராஜ்ஜியங்கள்' என்ற ஜப்பானிய வரிசையில் 1992-இல் வந்த நாவலைப் பாருங்கள். யோகோ என்ற பள்ளி மாணவி, எல்லோருக்கும் நல்ல பெண்ணாக இருந்தே பழகியவள். புது உலகத்தில் அடுத்தடுத்து ஏமாற்றப்பட்டு, யாரையுமே நம்பாதவளாகிவிடுகிறாள். அப்புறம், மறுபடி நம்பலாமா என்பதை அவளே தீர்மானிக்கிறாள். வாள்சண்டைகளைவிட இந்த மாற்றம்தான் நாவலின் உயிர் என்பேன்.

1865-இல் வந்த, லூயிஸ் கரோல் எழுதிய 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையின் சிறுமி கனவிலிருந்து விழித்தால் போதும், வீடு வந்துவிடும். பதின்ம நாயகிக்கு அது போதாது. திரும்புவதா, தங்குவதா என்று அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அவள் இழக்க ஏதாவது இருக்க வேண்டும்.