மைனர் லீக் பேஸ்பால் டீமில் கோடைக்கால இன்டர்ன்ஷிப் போனால் அந்த வியாபாரம் புரியுமா?

புரியும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வியாபாரமாக அது இருக்காது.

அமெரிக்காவில் முதுகலை படித்தபோது, ஒரு கோடை முழுக்க ஒரு சிங்கிள்-ஏ டீமின் ஆபீசில் இருந்தேன். மைனர் லீக் என்பது உச்சத்திலுள்ள மேஜர் லீக்குக்கு வீரர்களைத் தயார் செய்யும் இடம்; அதன் நான்கு படிகளில் அடிப்படிதான் சிங்கிள்-ஏ. எந்த வீரரை எடுப்பது, யாரைக் கழற்றிவிடுவது என்ற பேச்செல்லாம் காதில் விழும் என்று நினைத்துத்தான் போனேன். முதல் நாளே ஒரு போனையும் ஊரிலுள்ள சர்ச்சுகள், கம்பெனிகளின் பட்டியலையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். இருபது பேருக்கு மேல் கூட்டமாக வந்தால் டிக்கெட் விலையில் தள்ளுபடி. அதை விற்பதுதான் வேலை.

காரணம் இதுதான். மேஜர் லீக்கில் 30 அணிகள். 2021 முதல் ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள், மொத்தம் 120. வீரர்களுக்கும் கோச்சுகளுக்கும் சம்பளம் மேலே இருக்கும் அணி கொடுக்கிறது. யார் ஆடுவது, யார் எப்போது மேலே போவது என்பதும் அவர்கள் முடிவு. உள்ளூர் முதலாளியிடம் மிஞ்சுவது டிக்கெட், சாப்பாடு, தொப்பி, வேலியில் தொங்கும் விளம்பரப் பலகை. ஜெயிப்பது தோற்பது அவர் கையில் இல்லை. அதனால் அவர் விற்பது ஒரு சாயங்காலப் பொழுதை.

அந்த வருஷம் எங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவரின் படத்தைப் போட்டு, மேட்ச் தேதிகள் கொண்ட பாக்கெட் அட்டவணை அச்சடித்திருந்தார்கள். ஜூனில் ஒரு நாள் காலை, அவர் அடுத்த படியான ஹை-ஏவுக்குப் போய்விட்டார் என்று செய்தி. பெட்டி பெட்டியாக அட்டைகள் எங்கள் அறை மூலையில் கிடந்தன. "அடுத்த வருஷம் மஸ்காட் (டீமின் வேஷப் பொம்மை) படம்தான். அதை யாரும் மேலே கூப்பிட மாட்டார்கள்" என்றார் என் மேனேஜர்.

இன்னொன்று, ஸ்பீக்கரில் அறிவிக்கும் கூட்டக் கணக்கு பெரும்பாலும் விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. வாசலில் ஸ்கேன் ஆனது வேறு எண். ஆபீசில் எல்லோரும் பார்ப்பது அந்த இரண்டாவது எண்ணையும், உள்ளே வந்தவர் தலைக்கு எவ்வளவு செலவழித்தார் என்பதையும்தான். வராதவர் ஹாட் டாக் வாங்க மாட்டார், பீர் குடிக்க மாட்டார். தலையாட்டி பொம்மை கொடுக்கும் நாளில் கதவு திறக்கும் முன்பே வரிசை நிற்கும். பொம்மையை வாங்கிக்கொண்டு முதல் பந்துக்கு முன்பே காருக்குத் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். பொம்மையின் அடியில் பெயர் போட்ட ஸ்பான்சருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

போவதென்றால் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள். எஃப்-1 விசா என்றால் சேருவதற்கு முன்பே கல்லூரியில் சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை பார்க்கும்) அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் சொற்பம். சின்ன ஊர் என்றால் கார் இல்லாமல் திண்டாட்டம். மேட்ச் நாளில் காலை ஒன்பது மணிக்குப் போனால் இரவு பதினொன்றுக்குத்தான் வீடு. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு மேட்ச். திங்கள் மட்டும் லீவு, அன்று தூங்குவேன்.

அப்புறம் மழை. மழை வந்தால் வீரர்கள் உள்ளே ஓடுவார்கள், ஆபீஸ் ஆட்கள் வெளியே ஓடுவோம். மைதானத்தின் நடுப்பகுதியான இன்ஃபீல்டை மூட ஒரு பக்கம் 170 அடி இருக்கும் தார்ப்பாயை உருட்டி விரிக்க வேண்டும். ஜெனரல் மேனேஜரும் லெதர் ஷூவோடு வருவார். ஒரு நாள், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் நான்காவது இன்னிங்ஸில் கொட்டியது. காற்று அடியில் புகுந்து தூக்க, பிடியை விடாமல் இருந்த நான் சேற்றில் பத்தடி இழுபட்டேன். எங்கள் டீமின் விதிப்படி, ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் ஆட்டம் நின்றால் அத்தனை டிக்கெட்டையும் வேறொரு நாளுக்கு மாற்றித் தர வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மழை விட்டது. ஐந்தாவது இன்னிங்ஸின் கடைசி அவுட் விழுந்ததும், டிக்கெட் கவுன்டர் அக்கா ஸ்கோர்போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டியைப் பூட்டினார்.