உப்புக்காற்று ஊரில் மைக்கும் பின்னும்: கேட்டவர்களுக்குப் பதில்

பாம்பனில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். மைக், ஒயர், பின் (ஒயர் முனையில் செருகும் உலோக முனை) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

கீழக்கரை: காக்கா, வீட்டு மாடி ரூமில் பைத் (இஸ்லாமியப் பக்திப் பாட்டு) பாடிப் பதியணும். கண்டென்சர் மைக் வாங்கவா, டைனமிக் மைக்கா?

டைனமிக் வாங்குங்க தம்பி, கிட்டே வரும் குரலைத்தான் அது நல்லாப் பிடிக்கும். கண்டென்சர் நுணுக்கமானது, மூச்சுச் சத்தத்தைக்கூடத் தப்பவிடாமல் பிடிக்கும். வெறும் சுவர் ரூமில் அதுவே வினை: எதிரொலி, ஃபேன், தெருவில் போகும் மீன் வண்டி எல்லாம் பைத்தோடு சேர்ந்து ஏறும். ஈரக்காற்றில் படபடவென்று வெடிப்புச் சத்தமும் போடும். 1966-ல் வந்த ஷ்யூர் எஸ்எம்58 போல ஒரு டைனமிக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி வையுங்க, போதும்.

தங்கச்சிமடம்: அண்ணே, கோயில் பாடகர் குழு மைக்கில் ஒரே இரைச்சல். ஒயர் 15 மீட்டர், ரெண்டு பக்கமும் கால் இஞ்சு பின்.

பின்னில் ஒரு கறுப்பு வளையம்தானே? அது மோனோ, சிக்னலுக்கு ஒரே கம்பிதான்; நீள ஒயருக்கு ஆகாது. எக்ஸ்எல்ஆர் ஒயருக்கு மாறுங்க. அதன் முனையில் மூணு சின்னப் பின் இருக்கும். 1-ஆம் பின் கிரவுண்ட் (தரைக் கம்பி). 2-லும் 3-லும் ஒரே சிக்னல், ஒன்று மற்றதற்குத் தலைகீழ். வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல ஏறும். மிக்சர் (மைக் ஒயர்கள் வந்து சேரும் பெட்டி) ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப்போகும், பாட்டு நிற்கும். வாங்கின பிறகும் பின்னைக் கவனிங்க. களிம்பேறிப் பச்சை பிடித்த ஒரே ஒரு பின் காரணமாக ஒரு கல்யாணப் பதிவு முழுக்கக் கரகரவென்று போனது எனக்கு. இன்றும் மனசு ஆறவில்லை. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்க. பச்சை உள்ளே இறங்கிவிட்டால் பின்னை மாற்றிவிடுங்க.

மண்டபம்: 48 வோல்ட் ஃபேன்டம் போட்டால் டைனமிக் மைக் எரியுமா?

ஃபேன்டம் என்பது கண்டென்சர் மைக்குக்காக மிக்சர் அதே ஒயரில் அனுப்பும் மின்சாரம். எக்ஸ்எல்ஆர் ஒயர் சரியாக இருந்தால் டைனமிக் எரியாது. பழைய ரிப்பன் மைக் (உள்ளே மெல்லிய உலோக நாடா உள்ளது) என்றால் போடவே போடாதீங்க.

மூக்கையூர்: அண்ணே, தாத்தா கரைவலை இழுக்கையில் பாடின அம்பாப் பாட்டைப் பதியணும். போனில் காலர் மைக் மாட்டியும் குரல் தூரத்தில் கேட்குது.

அது கேமரா மைக்காக இருக்கும் தங்கச்சி. பின்னில் ரெண்டு வளையம் என்றால் போன் தன் சொந்த மைக்கையே எடுத்துக்கொள்ளும். மூணு வளையம் உள்ளதை வாங்குங்க. கச்சான் காற்று அடிக்கும்போது மைக் மேல் போடும் பஞ்சு உறை தாங்காது, ரோம உறை போடுங்க. ஆனால் அதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே வீட்டுக்குள் உட்காரவைத்து, போனை அவர் நெஞ்சுக்கு நேரே ஒரு முழம் தள்ளி வைத்துப் பதிந்துவிடுங்க. ஏலேலோ என்று ஓங்கி இழுக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க.