சர்ஜரிக்கு முன்னும் பின்னும் சோறு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எடைக் குறைப்பு அறுவைசிகிச்சை பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சோற்றில்தான் வந்து நிற்கின்றன. சாப்பிடலாமா, கூடாதா, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று. "லோ கார்ப்", அதாவது மாவுச்சத்து குறைந்த உணவு, என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் சர்ஜரிக்கு முன்னால் மாவுச்சத்தைக் குறைப்பது கல்லீரலுக்காக, பின்னால் குறைப்பது புரதத்துக்கு இடம் விடுவதற்காக. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு அவதிப்படுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். டயட்டீஷியனாக இவர்களோடுதான் என் வேலை என்பதால் சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் 15 நாளில் எனக்கு ஸ்லீவ் சர்ஜரி (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது). சோறு, இட்லி, தோசை, பழம் எதுவும் கூடாது என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். எப்படியும் வயிற்றைச் சின்னதாக்கத்தான் போகிறார்கள், அதற்குள் எதற்கு இந்தப் பட்டினி? (38 வயது, ஈரோடு)

அந்தத் தாள் உங்கள் கல்லீரலுக்காகக் கொடுத்தது. கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல்பக்கத்தில் கவிந்து கிடக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் சிறு துளைகள் வழியே கருவிகளை விட்டு, அந்த இடது பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையில் கை வைக்க முடியும். எடை அதிகமுள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி, பெருத்து, கனத்துப் போயிருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே கிழிந்து ரத்தம் கசியும்.

மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரல் சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜனை, அதாவது சர்க்கரை இருப்பை, முதலில் எடுத்துச் செலவழிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் கூடவே போய்விடும். அப்புறம் அங்கே தங்கிய கொழுப்பும் கரைய ஆரம்பிக்கும். இரண்டே வாரத்தில் கல்லீரல் சுருங்குவது ஸ்கேனிலேயே தெரியும், உடம்பில் வேறெந்தக் கொழுப்பும் இவ்வளவு சீக்கிரம் இப்படி வழிவிடுவதில்லை. அதனால்தான் பல இடங்களில் இந்த இரண்டு வாரத்துக்கு நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து 100 கிராமுக்குள் என்று கட்டுப்படுத்துகிறார்கள். புரதத்தை மட்டும் குறைக்கமாட்டார்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 12 நாள் கச்சிதமாக இருந்தவர், "இனிமேல் வாழ்நாளில் சாப்பிட முடியாதே" என்று கடைசி இரண்டு நாளும் உறவினர் வீட்டுப் பிரியாணியும் பரோட்டாவுமாகப் போய்விட்டார். எங்களிடம் சொல்லவும் இல்லை. கேமரா உள்ளே போனதும் திரை முழுக்கக் கல்லீரல்தான் தெரிந்தது, தூக்கிப் பார்த்தார்கள், ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. சர்ஜன் அதோடு நிறுத்தி, துளைகளைத் தைத்து வெளியே அனுப்பிவிட்டார். ஆறு வாரம் கழித்து மறுபடி எல்லாம் முதலிலிருந்து. சர்ஜரிக்குப் பிறகும் பிரியாணி சாப்பிடத்தான் போகிறீர்கள், அளவு மட்டும்தான் மாறும். கடைசி விருந்து என்ற எண்ணமே வேண்டாம்.

முதல் நான்கைந்து நாள் தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல் இருக்கும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், தெளிந்த காய்கறி சூப் இரண்டும் நன்றாகக் கைகொடுக்கும். பிபி மாத்திரை சாப்பிடுபவராக இருந்து, எழுந்து நின்றால் தலை சுற்றினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாளில் இருந்தபடி சாப்பிட்டதில் பத்தே நாளில் 6 கிலோ குறைந்துவிட்டது. என் எடை 118. இப்படியே தொடர்ந்தால் ஆபரேஷனே வேண்டாமே? (மதுரை)

அந்த 6 கிலோவில் நல்ல பங்கு மேலே சொன்ன தண்ணீர்தான். மூன்றாவது வாரத்திலிருந்து முள் மெதுவாகத்தான் நகரும், அப்போது மனசு விட்டுப்போகக் கூடாது என்பதற்காக இதை இப்போதே சொல்கிறேன். குறை மாவு உணவால் எடை குறையும், அதில் சந்தேகமில்லை, குறைந்ததை ஐந்து வருடம், பத்து வருடம் பிடித்துவைப்பதுதான் பெரும்பாடு. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி சுமார் 4000 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், அறுவைசிகிச்சை இல்லாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களின் எடை சராசரியாக 2 சதவீதத்துக்கு மேல் மாறவே இல்லை. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் இறப்பும் குறைவாக இருந்தது என்று 2007-இல் முடிவு வந்தது. மன உறுதி இல்லாததால் இப்படி ஆகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடை குறையக் குறையப் பசியைக் கூட்டி, எரிக்கும் கலோரியைக் குறைத்து உடம்பு பழைய எடைக்கே இழுக்கும். முடிவு உங்களுடையது. ஆனால் பத்து நாள் தராசைப் பார்த்து எடுக்கவேண்டிய முடிவு இல்லை இது.

சர்ஜரி தேதி கிடைக்க இன்னும் மூன்று மாதம் ஆகும். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். அதுவரை நானாகவே கீட்டோ (மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும் உணவுமுறை) ஆரம்பிக்கலாமா? (51 வயது)

கூடாது. தயவுசெய்து டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். இன்சுலினுக்கும் இதே கதைதான், முதல் நாளிலேயே அளவைக் குறைக்கவேண்டி வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இன்னும் ஆபத்தானவை. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. கூடவே மாவுச்சத்தையும் நிறுத்தினால் கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை கூடிவிடும், அப்போதும் குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைத்தான் காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்து, "சுகர் 160தானே, வாயுவாக இருக்கும்" என்று வீட்டிலேயே படுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த மாத்திரையைச் சர்ஜரிக்கு மூன்று நாளாவது முன்னால் நிறுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். சில வீட்டில் மாத்திரைப் பெட்டியை மகளோ மருமகளோ நிரப்புகிறார்கள், அவர்களுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும்.

சோற்றுக்குப் பதிலாக கேழ்வரகு, தினை, சாமை சாப்பிட்டால் லோ கார்ப் ஆகுமா?

ஆகாது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் கேழ்வரகில் 67. புரதம் இரண்டிலும் ஏழெட்டு கிராம்தான். கேழ்வரகில் நார்ச்சத்தும் கால்சியமும் அதிகம், அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். எடைக்காக என்றால் சாமைச் சோறும் சோறுதான், சப்பாத்தியும் அப்படியே. சர்ஜரி ஆன முதல் மாதத்தில் "சத்தாக இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் கேழ்வரகுக் கூழும் சத்துமாவுக் கஞ்சியும் ஊட்டிவிடுகிறார்கள். வயிறு அதிலேயே நிறைந்துவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது?

ஸ்லீவ் முடிந்து 3 வாரம் ஆகிறது. என் கணவர் பேலியோ (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) இருந்து 14 கிலோ குறைத்தார். நானும் காலையில் 100 பாதாம், பட்டர் டீ என்று ஆரம்பிக்கலாமா? (34 வயது, திருச்சி)

வேண்டாம் அம்மா. 100 பாதாம் என்றால் 120 கிராம் எடை, 700 கலோரி பக்கம் வரும். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்ட பிறகு உங்களுக்கு இப்போது இருப்பது ஒரு வாழைப்பழ அளவு குழாய், அதிலும் தையல் ஆறிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது வாரத்தில் நீங்கள் மசித்த உணவில் இருக்கவேண்டும். பாதாம் மாதிரி கடினமானதெல்லாம் இரண்டு மாதம் ஆனபிறகுதான், அதுவும் ஊறவைத்துத் தோல் உரித்து நாலைந்து. பட்டர் டீயில் வெறும் கொழுப்புதான் இருக்கிறது, அதற்கு உங்கள் வயிற்றில் இடம் இல்லை. நீங்கள் கணக்குப் போட்டு மாவுச்சத்தைக் குறைக்கவேண்டிய கட்டமே இது இல்லை. ஒரு வேளைக்கு நாலைந்து ஸ்பூன் சாப்பிடும்போது மாவுச்சத்து தானாகவே குறைந்துதான் இருக்கும். நாளுக்கு 60 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், எழுதிக்கொடுத்த வைட்டமின்கள், இந்த மூன்றையும் மட்டும் பிடியுங்கள்.

நாங்கள் சைவம், முட்டைகூடக் கிடையாது. 60 கிராம் புரதம் என்பது நடக்கிற காரியமா? பைபாஸ் (இதயத்துக்கு இல்லை, எடை குறைக்க இரைப்பைக்குச் செய்வது) முடிந்து 4 மாதம். (கும்பகோணம்)

நடக்கும், ஆனால் நாள் முழுக்க அதே நினைப்பாக இருக்கவேண்டும். சாம்பாரை நம்பாதீர்கள். ஒரு கிண்ணம் சாம்பாரில் பருப்பு என்று பார்த்தால் அடியில் தங்குவதுதான். 100 கிராம் பனீரில் 18 கிராம் புரதம், 25 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் 13, ஒரு தம்ளர் பாலில் ஆறு, ஆறரை. தயிரை வெள்ளைத்துணியில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் அதே அளவு தயிரைவிட இரண்டு மடங்கு புரதம் வரும். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, கடைந்து, சீரகம் தாளித்துச் சோறு இல்லாமல் ஸ்பூனால் சாப்பிடுங்கள். சுண்டல் நல்லது, ஆனால் அதில் புரதத்தைப் போல மூன்று மடங்கு மாவுச்சத்தும் இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும். இவ்வளவு செய்தும் 40, 45-இல் நின்றுபோகிறவர்கள் அதிகம், அவர்களுக்குப் புரோட்டீன் பவுடர் ஒரு ஸ்கூப் வேண்டும், அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

தட்டில் முதலில் பனீரோ பருப்போ, அடுத்து காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. சோற்றில் பிசைந்து சாப்பிட்டே பழகிய கைக்கு இது கஷ்டம்தான். என்னிடம் வரும் ஒரு பாட்டி இதற்காகவே மூன்று சின்னக் கிண்ணம் வாங்கி, சோற்றுக் கிண்ணத்தை மட்டும் மூடியே வைத்துக்கொள்கிறார், மற்ற இரண்டும் காலியானால்தான் திறப்பார்.

தங்கை கல்யாணத்தில் அரை தம்ளர் பாயசம்தான் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. ஹார்ட் அட்டாக் என்று பயந்துவிட்டார்கள். (பைபாஸ் ஆகி 8 மாதம்)

பைபாஸ் ஆனவர்களுக்கு இனிப்பு நேராகச் சிறுகுடலில் இறங்கிவிடும். அங்கே அது ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கும், அதனால் படபடப்பும் பேதியும். டம்பிங் என்று சொல்வார்கள். கொஞ்சம் படுத்திருந்தால் அடங்கிவிடும். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இன்சுலின் எகிறி, சர்க்கரை இறங்கி, கை நடுங்கும், மயக்கம்கூட வரும். அப்படி வந்தால் டாக்டரைப் பாருங்கள். கரும்புச்சாறு, பழ ஜூஸ், குலாப் ஜாமூன், இளநீரைக்கூட மடமடவென்று குடிப்பது, எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் நெஞ்சுவலி இருந்தால் பாயசம்தான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒரு வாரமாக எது சாப்பிட்டாலும் வாந்தி. சர்ஜரி முடிந்து 6 வாரம். பழகிவிடும் என்கிறார்கள்.

பழகாது, இன்றே போங்கள். அடைப்போ சுருக்கமோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதோடு, தயமின் என்ற பி1 வைட்டமின் உடம்பில் சில வாரங்களுக்கு மேல் இருப்பில் இருக்காது. வாந்தி தொடர்ந்தால் அது தீர்ந்து, பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும், மூளைக்கு நிரந்தரப் பாதிப்பே வரலாம். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் எனக்கு இந்த சர்ஜரி நடந்திருக்கிறது, குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் போடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாலாவது மாதம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது.

வேகமாக எடை குறையும்போது மூன்றாவது, நாலாவது மாதத்தில் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் திரும்ப முளைத்துவிடும். புரதத்தையும் இரும்புச்சத்தையும் பரிசோதித்துப் பாருங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

ஸ்லீவ் ஆகி 3 வருடம். 112-இலிருந்து 71 வரை வந்தேன், இப்போது 80. வயிறு திரும்பப் பெரிதாகிவிட்டதா? வேளைக்கு அரை கப்தான் சாப்பிடுகிறேன், சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. (45 வயது, சென்னை)

நம்புகிறேன். இதைக் கேட்கும்போது பலர் அழுதுவிடுகிறார்கள், அதனால் முதலில் ஒன்று: முதல் ஒன்றரை வருடத்தில் வந்த குறைந்த எடையிலிருந்து கொஞ்சம் ஏறுவது ஏறக்குறைய எல்லோருக்கும் நடப்பது. நீங்கள் இன்னும் 32 கிலோ குறைவாகத்தான் இருக்கிறீர்கள்.

வேளைச் சாப்பாட்டை விடுங்கள், இடையில் என்ன போகிறது என்று பார்ப்போம். கோழித்துண்டும் பனீரும் அந்தக் குழாயில் நிற்கும், நாலு வாயில் போதும் என்று தோன்றும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ரசஞ்சாதம் எல்லாம் குழைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், நிறைந்த உணர்வே வராது. டீயோடு சேர்த்தால் இன்னும் வேகம். உங்களைப் போலவே வந்த ஒருவரிடம் எழுதிவைக்கச் சொன்னேன். பிள்ளையின் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த அரை இட்லி, பதினொரு மணி டீயோடு இரண்டு பிஸ்கட், மாலையில் ஒரு கை மிக்சர், டிவி பார்க்கும்போது இன்னொரு கை. எதுவும் சாப்பாடு என்று அவர் கணக்கில் வரவே இல்லை, கூட்டிப் பார்த்தால் 600 கலோரி.

குறை மாவு உணவு உண்மையாகவே உதவுவது உங்கள் கட்டத்தில்தான். மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் 20 கிராம் புரதம் முதலில், சோறோ இட்லியோ ஒருவேளை மட்டும் சிறிய அளவில், நடுவில் ஒன்றும் வேண்டாம். டீயில் சர்க்கரை கிடையாது. சாப்பிடும்போதும் அதற்குப் பின் அரைமணி நேரமும் தண்ணீர் குடிக்காதீர்கள். நாளுக்கு மாவுச்சத்து 50 கிராமுக்குக் கீழே இறங்கும் கடும் கீட்டோ வேண்டாம், ஏற்கெனவே வைட்டமின் பற்றாக்குறை வரக்கூடிய உடம்பு உங்களுடையது. வாரம் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள், தசை கரையாமல் இருக்கும்.

ஒரு வாரம் வாயில் போடுவதையெல்லாம், அந்த அரை இட்லி உட்பட, ஒரு நோட்டில் எழுதுங்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி, தைராய்டு பரிசோதித்து, அந்த நோட்டோடு உங்கள் சர்ஜனைப் போய்ப் பாருங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மூன்று வருடமாகப் போகாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, போங்கள். இப்போது மருந்தும் இருக்கிறது, தேவைப்பட்டால் மறு அறுவைசிகிச்சையும் இருக்கிறது, 80-இல் வந்தால் 100-இல் வருவதைவிடச் சுலபமாகச் சரிசெய்யலாம்.