நனையாத ஃபில்டரும் தண்ணீர் நின்ற என்ஜினும்

வேளச்சேரி வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். மூன்று வருடப் பெட்ரோல் கார். பிக்கப் போதவில்லை என்று ஆன்லைனில் பதினோராயிரம் ரூபாய்க்கு ஒரு இன்டேக் கிட் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாயும் கோன் வடிவ ஃபில்டரும்) வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு போர்டிகோவிலேயே கம்பெனி ஏர் ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கோன் ஃபில்டரை முன் பம்பர் மூலையில் கீழே இறக்கி மாட்டியிருக்கிறார். போன நவம்பர் மழையில் விஜயநகர் பக்கம் முழங்கால் தண்ணீரில் கார் நின்றுவிட்டது. இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்துப் பார்த்திருக்கிறார். டோ வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று ராத்திரியே பழைய பாக்ஸைத் திரும்ப மாட்டி, மறுநாள்தான் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருக்கிறார். என்ஜினுக்குள் தண்ணீர் போய், பிஸ்டனை இயக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது, எஸ்டிமேட் 2,40,000 ரூபாய். தண்ணீர் போய் என்ஜின் கெட்டாலும் பணம் தரும் 'என்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தும் இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை நிராகரித்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலையும் சேர்த்து 15 லட்சம் கேட்கலாமா என்கிறார்.

சர்வீஸ் அட்வைசர் எல்லார் முன்னாலும் பேசிய பேச்சு, பழைய காரிலிருந்தே ஒரே கம்பெனிக்குத் தவறாமல் பிரீமியம் கட்டியது, இதே கிட்டைப் போட்ட நண்பர்களுக்கு ஒன்றும் ஆகாதது, இதெல்லாம் உங்களுக்கு வலிக்கும்தான். ஆனால் இதில் எதையும் வைத்து வழக்கு ஜெயிக்காது, அதனால் தள்ளி வையுங்கள். ஆர்.டி.ஓ. வண்டியைப் பிடித்துவிடுவாரோ என்ற பயத்தையும் தள்ளி வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஒரு ஏர் ஃபில்டர் அந்த வரையறைக்குள் வருமா என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது, ஆனால் அது வேறு சண்டை.

நீங்கள் அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். அதில் இரண்டு காரணம் இருக்கிறது. முதல் காரணம், சொல்லாமல் மாற்றம் செய்தீர்கள் என்பது. இரண்டாவது கடைசிப் பத்தியில் ஒரே வரியில் இருக்கிறது: க்ளெய்ம் ஃபார்மில் உண்மைக்கு மாறான தகவல் தந்தீர்கள். நான்கு பக்கமும் நீங்கள் முதல் காரணத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு விழப்போவது அந்தக் கடைசிப் பத்தியில்.

சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஒரு படத்தில் ஃபில்டர் பாக்ஸ் திறந்திருக்கிறது. உள்ளே பேப்பர் ஃபில்டர் மடிப்பு மடிப்பாகக் காய்ந்து கிடக்கிறது, சேற்றுத் தண்ணீர் பட்ட கறை ஒரு கோடுகூட இல்லை, பாக்ஸின் அடியிலும் தூசிதான். அடுத்த படத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய ஓட்டை வழியே பழுப்பு நிறத்தில் தண்ணீர் வழிகிறது. மழைத் தண்ணீர் சிலிண்டருக்குள் போவதானால் காற்று போகிற வழியில்தான் போக வேண்டும், அந்த வழியில் முதலில் நனைவது ஃபில்டர். அது நனையவில்லை என்றால், தண்ணீர் புகுந்தபோது இந்த பாக்ஸ் வண்டியில் இல்லை என்றுதான் அர்த்தம். மூன்றாவது படத்தில் பம்பர் மூலையில் நீங்கள் கழற்ற மறந்த கிளாம்ப் தொங்குகிறது. க்ளெய்ம் ஃபார்மில் 'வாகனத்தில் மாற்றம் ஏதேனும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். சர்வேயர் அறிக்கை இறுதி முடிவு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சொன்னது உண்மைதான், எதிர்த்துக் காட்ட நம் கையில் ஏதாவது இருந்தால் அது உதவும். இந்த மூன்று படங்களுக்கு எதிராக உங்கள் கையில் என்ன இருக்கிறது?

முதல் நாளே 'கிட் போட்டிருந்தேன்' என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. பாலிசி நிபந்தனை மீறல் என்றாலும் முழுசாகத் தள்ளாமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழி இருக்கிறது, 2010-ல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தரச் சொன்னது. பெரும்பாலான கார்களில் கம்பெனி இன்டேக் வாய் பானெட் விளிம்புக்கு அடியில் உயரத்தில் இருக்கும், நீங்கள் அதை பம்பருக்குக் கீழே கொண்டுபோய்விட்டீர்கள், அதனால் அப்போதும் காரணகாரியம் உங்களுக்குப் பாதகமாகத்தான் இருந்திருக்கும். இருந்தாலும் உட்கார்ந்து பேச ஒரு இடம் இருந்தது. பொய்த் தகவல் என்று வந்த பிறகு அந்த 75 சதவீதப் பேச்சை எடுப்பது கஷ்டம்.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வழக்குப் போட்டால் சாட்சியத்தை நீங்கள் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் என்ன எழுதுவீர்கள்? 'மாற்றம் செய்யவில்லை' என்றா? ஆணையத்தின் நடவடிக்கை சட்டப்படி நீதிமன்ற நடவடிக்கையாகவே கருதப்படும், அங்கே தெரிந்தே பொய் சொல்வது ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம். இன்சூரன்ஸ் வக்கீல் உங்களைக் கேள்வி கேட்கவே வேண்டாம், கிட் வாங்கிய ஆன்லைன் ரசீது ஒன்றைக் கேட்டு மனுப் போட்டால் போதும். கிட் மாட்டியபோது போட்ட ரீலை அழித்துவிட்டதாகப் பெருமூச்சோடு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி எதையும் அழிக்காதீர்கள். அதை ஏற்கெனவே பார்த்தவர்கள் இருக்கிறார்கள், க்ளெய்முக்குப் பிறகு அழித்தது தெரிந்தால் ரீல் இருந்ததை விட அதுதான் மோசமாகத் தெரியும்.

இன்னொன்று, இதில் என்னிடம் வந்த பல பேர் விழுந்திருக்கிறார்கள். 'கார்தான் சாட்சி, தீர்ப்பு வரும் வரை அப்படியே நிற்கட்டும்' என்று சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுவார்கள். காரை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதிய உங்கள் ஜாப் கார்டில், கார் நிற்கும் இடத்துக்கு நாள் வாடகை 500 ரூபாய் என்று போட்டிருக்கிறது, அதற்குக் கீழும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஆறு வாரத்தில் 21,000, ஒரு வருடத்தில் 1,82,500. என் கட்சிக்காரர் ஒருவர் இரண்டரை வருடம் கழித்துக் காரை எடுக்கப் போனபோது கூடவே நானும் போனேன். பிரித்த என்ஜின் ஒரு தகர டிரேயில் துருப்பிடித்துக் கிடந்தது, சீட்டெல்லாம் பூஞ்சை. வாடகை பாக்கி அந்தக் காரின் விலைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவர் கேட்ட மன உளைச்சல் தொகையும் பல லட்சம். கிடைத்தது சில ஆயிரம்.

அதனால் பட்டென்று சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். சீட், கார்பெட், வயரிங் சேதத்துக்கு மட்டும் 68,000 தரலாம் என்று கம்பெனி அதிகாரி போனில் சொன்னதாகவும், 'பிச்சையா போடுகிறீர்கள்' என்று நீங்கள் கத்திவிட்டு வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொய்த் தகவல் என்ற காரணத்தைக் கையில் வைத்திருக்கும் கம்பெனி ஒரு ரூபாய்கூடத் தராமல் நிற்க முடியும். அவர்கள் 68,000 என்று பேசுவதே உங்களுக்கு நல்ல நேரம், அந்தக் கதவு மூடுவதற்குள் போங்கள்.

எப்படிப் போவது? நீங்களே உட்கார்ந்து உணர்ச்சி பொங்கக் கடிதம் எழுத வேண்டாம். ஒரு வக்கீல் மூலமாக, 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' (சமரசம் பேசுவதால் என் சட்ட உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று பொருள்) என்ற தலைப்போடு ஒரே பக்கம் போதும். க்ளெய்ம் ஃபார்மில் அந்தப் பதில் சரியல்ல, அதைத் திருத்திக்கொள்கிறேன், என்ஜின் அல்லாத சேதத்தையாவது பரிசீலியுங்கள், அவ்வளவுதான். சரி, அவர்கள் டிஸ்சார்ஜ் வவுச்சர், அதாவது பணம் பெற்றுக்கொண்டு க்ளெய்மை முடித்துக்கொள்வதாக எழுதித் தரும் தாள், நீட்டுவார்கள். 'முழுமையான இறுதித் தீர்வு' என்று அதில் இருக்கும், கையெழுத்துப் போட்ட பிறகு என்ஜினுக்காகத் திரும்பப் போக முடியாது என்று தெரிந்தே போடுங்கள். போடலாம் என்பதுதான் என் கருத்து. தொகை எழுதாத வவுச்சரில் மட்டும் போடாதீர்கள்.

அவர்கள் பின்வாங்கினால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அங்கே எடுக்க மாட்டார்கள், எனவே அவசரப்பட்டு ஆணையத்தில் மனுவைப் போட்டுவிடாதீர்கள். அதற்கு இரண்டு வருடம் கெடு இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் இந்த வாரமே காரை எடுங்கள். சர்வேயர் படங்களின் பிரதியையும் கழற்றிய பாகங்களையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேசி, வெளியே நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ராடுக்கு ஒரு விலை கேளுங்கள். அப்புறம் அந்தப் பழைய ஃபில்டர் பாக்ஸ், அது மாட்டியபடியே இருக்கட்டும்.